பத்தொன்பது வயதில் போட்ட கணக்கு



தெப்ராவில் எங்கள் ஞாயிறு சமய வகுப்புக்கு வரும் படிவம் மூன்று தம்பி ஒருவன், போன மாதம் வகுப்பு முடிந்ததும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். எங்கேயோ தூரத்தில் இரண்டு கருந்துளைகள் மோதினதை விஞ்ஞானிகள் கண்டுபிடிச்சாங்களாமே, அதில் நம்ம ஆளுங்க யாராவது இருக்காங்களா அண்ணே என்று. வாட்சாப்பில் வந்த ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். இதெல்லாம் நம் முன்னோர்களுக்கு அப்போதே தெரியும் என்று சொல்லி அந்தக் காணொளி முடிந்துவிட்டதாம். எப்படித் தெரியும், யார் கணக்குப் போட்டது என்ற அவனுடைய கேள்விக்கு அதில் பதில் இல்லை.

நான் பொறியியல் படிப்பவன். வானவியல் என் பாடம் இல்லை. ஆனாலும் அவனுக்குச் சொல்ல என்னிடம் ஒரு பெயர் இருந்தது. சுப்பிரமணியன் சந்திரசேகர். உலகம் அவரைச் சுருக்கமாகச் சந்திரா என்று அழைத்தது. நோபல் பரிசு வாங்கிய தமிழர் என்று பொது அறிவுப் போட்டிக்காக மனப்பாடம் செய்திருப்போம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் கதையை நம்மில் பலர் கேட்டதில்லை. அன்று அந்தத் தம்பியிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கப்பலில் ஒரு மாணவன்

சந்திரா 1910 அக்டோபர் 19ஆம் தேதி லாகூரில் பிறந்தார். அப்பா சுப்பிரமணிய ஐயர் ரயில்வே கணக்குத் துறையில் உயர் அதிகாரி. சர் சி.வி. இராமன் அவருக்குச் சித்தப்பா. அம்மா சீதாலட்சுமி பெரிய வாசகி. இப்சன் எழுதிய ஒரு நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர். பத்துப் பிள்ளைகள் இருந்த வீடு. மூத்தவர்கள் இருவரும் பெண்கள். ஆண் பிள்ளைகளில் சந்திராதான் முதல்வர்.

சிறு வயதில் வீட்டிலேயே பாடம். குடும்பம் சென்னைக்கு வந்த பிறகு திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், அதன் பின் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். கல்லூரியில் இருக்கும்போதே அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்று இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியானது. கேம்பிரிட்ஜில் மேற்படிப்புக்கு அரசாங்க உபகாரச் சம்பளமும் கிடைத்தது.

அப்போது அம்மா கடுமையாக நோய்வாய்ப்பட்டிருந்தார். அம்மாவை விட்டுட்டு எப்படிப் போறது என்று பையன் தயங்கினபோது, போகத்தான் வேண்டும் என்று அம்மாவே அவரை அனுப்பிவைத்தார். 1930 ஜூலை 31ஆம் தேதி பம்பாயில் கப்பல் ஏறினார். அதன் பிறகு அம்மாவை அவர் பார்க்கவே இல்லை. அடுத்த ஆண்டு மே மாதம் அம்மா இறந்தபோது, மகன் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

அந்தக் கப்பலில் அவர் போட்ட கணக்குதான் இந்தக் கதைக்கு விதை. அப்போது அவருக்கு வயது பத்தொன்பது.

நட்சத்திரம் என்பது ஓயாமல் நடக்கும் ஒரு மல்யுத்தம். அதன் எடை அதை உள்நோக்கி அமுக்கும். உள்ளே எரிகிற வெப்பம் வெளியே தள்ளும். எரிபொருள் தீர்ந்துபோனால் நட்சத்திரம் சுருங்கத் தொடங்கும். சுருங்கச் சுருங்க, உள்ளே இருக்கும் எலெக்ட்ரான்கள் நெருக்கியடித்துக்கொண்டு, இதுக்கு மேல இடமில்லை என்று எதிர்த்துத் தள்ளும். அந்தத் தள்ளுதலால் நட்சத்திரம் பூமி அளவுக்குச் சுருங்கி, அப்படியே நின்றுவிடும். அதுதான் வெண்குறுமீன். எல்லா நட்சத்திரமும் கடைசியில் இப்படி அமைதியாக அடங்கிவிடும் என்றுதான் அன்றைய அறிஞர்கள் நம்பினார்கள். கேம்பிரிட்ஜில் சந்திராவுக்கு வழிகாட்டியாக வரவிருந்த ஃபௌலர் வகுத்த கணக்கு அது.

சந்திரா கப்பலில் உட்கார்ந்து அந்தக் கணக்கை மறுபடியும் போட்டுப் பார்த்தார். கனமான நட்சத்திரத்தில் எலெக்ட்ரான்கள் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் ஓட வேண்டியிருக்கும். அப்படியென்றால் ஐன்ஸ்டீனின் சார்பியலையும் அதில் சேர்க்கணும். சேர்த்ததும் விடை மாறிப்போனது. எலெக்ட்ரான்களின் தள்ளுசக்திக்கு ஓர் எல்லை இருக்கிறது. சூரியனைப் போல் ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேல் எடை இருந்தால் அந்தத் தள்ளுசக்தியால் நட்சத்திரத்தைத் தாங்க முடியாது. அது மேலும் மேலும் சுருங்கித்தான் ஆகணும். சார்பியலைச் சேர்க்கணும் என்று ஐரோப்பாவில் வேறு சிலரும் அதே காலத்தில் எண்ணியிருந்தார்கள். நட்சத்திரத்தின் முழு அமைப்பையும் கணக்கிட்டு அந்த எல்லையைத் திட்டமாக நிறுவியவர் சந்திரா. இன்று அதன் பெயரே சந்திரசேகர் எல்லை.

எல்லைக்கு மேலே போன நட்சத்திரம் என்ன ஆகும்? கருந்துளை என்ற சொல்லே அப்போது கிடையாது.

சபையில் விழுந்த சிரிப்பு

அடுத்த நாலு வருசம் அவர் அந்தக் கணக்கை விடாமல் செம்மைப்படுத்தினார். 1933இல் டாக்டர் பட்டம் பெற்று, டிரினிட்டி கல்லூரியின் ஆய்வாளராகவும் ஆனார். அதே கல்லூரியில் இருந்தவர் ஆர்தர் எடிங்டன். அன்றைய வானவியலில் அவருக்கு நிகரான பெயர் வேறில்லை. 1919 சூரிய கிரகணத்தின்போது ஐன்ஸ்டீனின் கொள்கையைச் சோதித்துக் காட்டியவர். அவர் சந்திராவின் அறைக்கு அடிக்கடி வருவார், கணக்கு எந்த அளவுக்கு வந்திருக்கிறது என்று கேட்பார். கணக்குப் போடும் இயந்திரம் ஒன்று கிடைக்கவும் அவரே உதவினார். தன் மனசில் இருந்த மறுப்பை மட்டும் ஒருநாளும் சொல்லவில்லை.

1935 ஜனவரி 11ஆம் தேதி, இலண்டனில் ராயல் வானவியல் கழகக் கூட்டம். சந்திரா தன் முடிவைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அடுத்து எழுந்தவர் எடிங்டன். ஒரு நட்சத்திரம் இப்படி முடிவில்லாமல் சுருங்குவது அபத்தம், அதைத் தடுக்க இயற்கையில் ஏதாவது ஒரு விதி இருந்தே தீரும் என்ற கருத்தில், தனக்கே உரிய கிண்டலோடு பேசினார். சபை சிரித்தது. பதில் சொல்லச் சந்திராவுக்கு வாய்ப்பே கொடுக்கவில்லை. 24 வயது இளைஞனின் நாலு வருச உழைப்பு, சில நிமிடங்களில் கேலிப்பொருளாகிவிட்டது.

இதில் இன்னொரு வேதனையும் உண்டு. நீல்ஸ் போர், பௌலி போன்ற பெரிய இயற்பியலாளர்களுக்குச் சந்திராவின் பக்கம்தான் நியாயம் என்று தெரியும். தனியாகக் கேட்டபோது ஒப்புக்கொண்டார்கள். சபையில் எழுந்து சொல்ல மட்டும் யாரும் முன்வரவில்லை.

இதை ஏன் இவ்வளவு விவரமாச் சொல்றேன்னா, இந்தச் சிரிப்புச் சத்தம் நமக்கும் பழக்கமானதுதான். போன பருவத்தில் என் ஆய்வுத் திட்டத்தை வகுப்பின் முன்னால் விளக்கினேன். கேட்டுக்கொண்டிருந்தவர் பாதியிலேயே சிரித்துவிட்டார். அன்று ராத்திரி தலைப்பையே மாற்றிவிடலாமா என்று யோசித்தேன். நம்ம பசங்க எத்தனையோ பேர் இப்படி ஒரு சிரிப்போடு நின்றுபோயிருக்கிறார்கள். இந்தப் பாடம் உனக்கு வராது என்று யாரோ ஒருவர் சொன்ன ஒரு வார்த்தைக்காகக் கணிதத்தை விட்டவர்களை எனக்கே தெரியும். ஆகவே, அந்த ஜனவரிக்குப் பிறகு சந்திரா என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வியாக இருந்தது.

விட்டார், ஆனால் கைவிடவில்லை

முதலில், அவர் காயப்பட்டார். அதை மறைக்க வேண்டியதில்லை. கொஞ்ச காலம் விவாதத்தைத் தொடர்ந்து பார்த்தார். வாழ்நாள் முழுக்க இதற்காகச் சண்டை போட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை என்று பிறகு முடிவு செய்தார். 1936இல் மாநிலக் கல்லூரியில் உடன் படித்த லலிதாவைக் கல்யாணம் செய்துகொண்டார். அடுத்த ஆண்டு சிக்காகோ பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நட்சத்திரங்களின் அமைப்பைப் பற்றித் தான் கண்டது அனைத்தையும் 1939இல் ஒரு புத்தகமாக எழுதினார். கணக்கு சரியா தப்பா என்பதைக் காலமே சொல்லட்டும் என்று அதை அங்கேயே வைத்துவிட்டு, வேறொரு துறைக்குப் போனார்.

போனவர் அங்கேயும் முதலிலிருந்து தொடங்கினார். நட்சத்திரக் கூட்டங்களின் இயக்கத்தில் சில ஆண்டுகள், பிறகு நட்சத்திரங்களின் வழியே ஒளி பரவும் விதம், அதற்கும் பிறகு திரவங்களின் நிலைத்தன்மை. ஒரு துறையை எடுத்தால் அதன் அடிவரை போவார். முழுசாகப் புரிந்ததும் ஒரு பெரிய புத்தகம் எழுதுவார். அடுத்த துறையில் மறுபடியும் மாணவராக உட்காருவார். இதற்கு நடுவே 1952 முதல் 1971 வரை வான இயற்பியல் ஆய்விதழ் ஒன்றின் பொறுப்பாசிரியராக இருந்து, அதை உலகின் முன்னணி இதழாக வளர்த்தார்.

எடிங்டன் மேல் அவர் வன்மம் வைத்துக்கொள்ளவில்லை என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். இருவரும் நண்பர்களாகவே இருந்தார்கள். 1944இல் எடிங்டன் காலமானபோது, அவரை அக்காலத்தின் மிகச் சிறந்த வானவியலாளர்களில் ஒருவர் என்று போற்றி அஞ்சலி செலுத்தியவர்களில் சந்திராவும் ஒருவர். எடிங்டனின் நூற்றாண்டிலும் அவரைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார்.

ஐம்பது வயதுக்கு மேல் ஒரு புது மாணவர்

1960களில், ஐம்பது வயதைக் கடந்த பிறகு, ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியலை அவர் கையில் எடுத்தார். தான் இளமையில் விட்டுவந்த கேள்விக்கு இப்படித்தான் திரும்பி வந்தார். இங்கிருந்துதான் நம்ம தம்பி கேட்ட கேள்விக்கும் பதில் வருகிறது.

கனமான பொருள்கள் ஒன்றையொன்று சுற்றும்போது வெளியிலேயே அலைகள் எழும் என்பது ஐன்ஸ்டீனின் கொள்கை. அவைதான் ஈர்ப்பலைகள். அந்த அலைகள் உண்மையில் சக்தியை எடுத்துக்கொண்டு போகின்றனவா என்று நீண்ட காலம் சர்ச்சை இருந்தது. 1970 வாக்கில் சந்திராவும் அவருடைய மாணவர் எஸ்போசிட்டோவும், அலையை அனுப்பும் பொருள்கள் அதே அளவு சக்தியை இழக்கும் என்பதைப் படிப்படியாகக் கணக்கிட்டுக் காட்டினார்கள். சக்தி குறைந்தால் இரண்டும் நெருங்கும். நெருங்கினால் இன்னும் வேகமாகச் சுற்றும். கடைசியில் மோதி ஒன்றாகும்.

மோதின பிறகு? கோயில் மணியை ஒரு தட்டுத் தட்டினால் கணீரென்று ஒலித்து மெல்ல அடங்கும் இல்லையா? பெரிய மணிக்கு ஓர் ஒலி, சின்ன மணிக்கு வேறோர் ஒலி. கருந்துளையும் அப்படித்தான். தட்டினால் தனக்கே உரிய ஒலியோடு அதிர்ந்து அடங்கும். 1970இல் இதை முதலில் காட்டியவர் பெங்களூரில் பிறந்த சி.வி. விஸ்வேஸ்வரா. 1975இல் சந்திராவும் டெட்வெய்லரும் அந்த ஒலிகளை எண்களாகக் கணக்கிட்டார்கள். அந்த ஒலியை அளந்தால் கருந்துளையின் எடையும் சுழற்சியும் தெரிந்துவிடும்.

இதய நோய் வந்த பிறகும் அவர் வேகம் குறையவில்லை. கருந்துளைகளின் கணிதக் கொள்கையைப் பற்றி அவர் எழுதிய தடிமனான புத்தகம் 1983இல் வெளிவந்தது. அதே ஆண்டுதான் நோபல் பரிசு, வில்லியம் ஃபௌலர் என்ற அமெரிக்க அறிஞரோடு சேர்ந்து. கப்பலில் கணக்குப் போட்டு 53 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த அறிவிப்பில் அவருக்கு ஒரு மனக்குறையும் இருந்தது. இளமைக் காலக் கணக்கையே பெரிதாகச் சொல்லி, வாழ்நாள் உழைப்பு முழுவதையும் பின்னுக்குத் தள்ளிவிட்டார்களே என்று வருந்தினாராம். அவரும் நம்மைப் போல மனுசர்தான்.

1995 ஆகஸ்ட் 21ஆம் தேதி சிக்காகோவில் காலமானார். அதுவரை எந்தக் கருவியும் ஈர்ப்பலையை நேரடியாகப் பிடிக்கவில்லை.

உறுமியும் மணியும்

அவர் போய் 20 ஆண்டுகள் கழித்து, 2015 செப்டம்பர் 14ஆம் தேதி, அமெரிக்காவில் லைகோ என்ற நிலையத்தின் இரண்டு கருவிகள் துடித்தன. ஒன்று லிவிங்ஸ்டனில், மற்றது 3000 கிலோமீட்டர் தள்ளி ஹான்ஃபோர்டில். ஒவ்வொன்றிலும் 4 கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டு குழாய்கள். அவற்றின் உள்ளே லேசர் ஒளி. ஈர்ப்பலை கடக்கும்போது அந்த நீளம் மாறும். எவ்வளவு? ஒரு புரோட்டானின் அகலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அதையும் அளந்துவிட்டார்கள்.

அந்தத் துடிப்பு 0.2 வினாடி மட்டுமே நீடித்தது. வினாடிக்கு 35 அதிர்வில் தொடங்கி 250 வரை ஏறி, பிறகு அடங்கியது. ஒலிபெருக்கியில் போட்டால் காதில் கேட்கிற அளவுதான். தைப்பூசத்தில் உறுமியைத் தேய்க்கும்போது அடியிலிருந்து மேலே ஓர் இழுப்பு வருமே, எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. அந்த இழுப்பு, இரண்டு கருந்துளைகள் சுற்றிச் சுற்றி நெருங்குவது. கடைசியில் வரும் அடக்கம், சந்திரா கணக்கிட்ட மணியோசை. அலையைப் படித்துப் பார்த்தால் ஒன்று சூரியனைப் போல் 36 மடங்கு, மற்றது 29 மடங்கு. சேர்ந்து உருவானது 62 மடங்கு. மிச்சம் 3 சூரியன் அளவு அலையாகவே போய்விட்டது. நடந்தது 130 கோடி ஒளியாண்டுக்கு அப்பால்.

சரி, அது வானத்தில் எந்தப் பக்கம்? உறுமிச் சத்தம் இடப்பக்கமா வலப்பக்கமா என்று கண்ணை மூடிக்கொண்டே நம்மால் சொல்ல முடியும். ஒரு காதுக்குச் சற்று முன்னாடியே சத்தம் வந்துவிடும். முன்னாலா பின்னாலா என்பதில்தான் குழப்பம் வரும். அங்கேயும் அதே நிலைமை. லிவிங்ஸ்டனுக்கு அலை ஏறக்குறைய 7 மில்லி வினாடி முன்னாடி வந்தது. இரண்டு காதுதான் என்பதால் அவர்களால் தென்வானத்தில் ஒரு பெரிய பட்டையைத்தான் காட்ட முடிந்தது. ஏறக்குறைய 3000 முழுநிலாக்களைப் பரப்பி வைக்கிற அளவு இடம் அது.

2017இல் இத்தாலியின் விர்கோ மூன்றாவது காதாகச் சேர்ந்தது. அந்த ஆகஸ்ட் 17ஆம் தேதி ஒரு புது அலை வந்தது. இந்த முறை மோதியவை இரண்டு நியூட்ரான் விண்மீன்கள். விர்கோவில் அது கேட்டும் கேட்காத மாதிரி இருந்தது. அந்த அமைதியே ஒரு தடயம். விர்கோவுக்குச் சரியாகக் காது கேட்காத திசை எதுவோ, அங்கிருந்துதான் அலை வந்திருக்கணும். இடம் பல மடங்கு சுருங்கியது. தொலைநோக்கிகள் அந்தப் பக்கம் திரும்பின. 11 மணி நேரத்துக்குள், 13 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் ஒரு விண்மீன் மண்டலத்தில் புதிதாக ஓர் ஒளிப்புள்ளியைக் கண்டுபிடித்தார்கள். மோதிய அந்த விண்மீன்கள் சூரியனைப் போல் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1.2 முதல் 1.6 மடங்கு. கப்பலில் ஒரு பையன் தொடங்கிய கணக்கு கடைசியில் தந்த 1.4ஐச் சுற்றித்தான் இருக்கின்றன. காரணம், நட்சத்திரத்தின் மையக்கரு அந்த எல்லையைத் தாண்டும்போதுதான் சரிந்து நியூட்ரான் விண்மீன் ஆகிறது.

ஒன்பது நாள் கழித்து அதே இடத்திலிருந்து எக்ஸ் கதிர்களும் வந்து சேர்ந்தன. அவற்றைக் கண்ட விண்கலத்தின் பெயர் என்ன தெரியுமா? சந்திரா. 1999இல் நாசா விண்ணுக்கு அனுப்பிய எக்ஸ் கதிர் தொலைநோக்கிக்கு அவர் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். இதைச் சொன்னபோது தம்பியின் முகத்தைப் பார்க்கணுமே!

நாம் எதை எடுத்துக்கொள்வது?

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். பிறைசூடிய பெருமானின் பெயரைத் தாங்கியவர் சந்திரா. அமெரிக்காவிலும் சைவ உணவையே சாப்பிட்டவர். ஆனால் தன்னை நாத்திகர் என்றுதான் சொல்லிக்கொண்டார். இந்து இளைஞர் இதழில் எழுதுகிறோம் என்பதற்காக அவருக்கு நாம் திருநீறு பூசிவிடக் கூடாது. அது அவருக்கும் மரியாதை இல்லை, திருநீற்றுக்கும் மரியாதை இல்லை.

பலனைப் பிடித்துக்கொண்டு தொங்காமல் கடமையைச் செய் என்று கீதை வகுப்பில் படிக்கிறோம். சபை சிரித்த பிறகு, பலன் வருமா வராதா என்றே தெரியாமல், அடுத்த நாள் காலையில் எழுந்து கணக்குப் போட உட்காருவது எப்படி இருக்கும் என்று நான் இவர் வாழ்க்கையில்தான் பார்த்தேன். நம் முன்னோர்களுக்கு எல்லாம் தெரியும் என்று பெருமை பேசுவதற்கு ஒரு நிமிடம் போதும். நம்மில் ஒருவர் 19 வயதில் தொடங்கி 84 வயது வரை போட்ட கணக்கைப் புரிந்துகொள்ள அதைவிடக் கூடுதலான நேரம் ஆகும். எனக்கு இந்த இரண்டாவது பெருமைதான் வேணும்.

மராட்டியத்தில் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ இந்தியா என்ற நிலையத்துக்கு 2023இல் இந்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. ஜோதிர்லிங்கத் தலம் என்று மக்கள் போற்றும் ஔண்டா நாகநாதர் கோயில் இருக்கும் பகுதி அது. மற்ற கருவிகளிலிருந்து வெகுதூரத்தில் அமையும் இன்னொரு காது. அது வேலை செய்யத் தொடங்கினால், அலை வந்த இடத்தை இன்னும் துல்லியமாகச் சொல்ல முடியும். அங்கே உட்கார்ந்து கேட்கப் போகிறவர்கள் இப்போது எங்கேயோ படிவம் மூன்றில் படித்துக்கொண்டிருப்பார்கள்.

நான் என் ஆய்வுத் தலைப்பை மாற்றவில்லை. தம்பி இப்போதெல்லாம் சமய வகுப்புக்கு வரும்போது கணிதப் புத்தகத்தையும் கொண்டு வருகிறான். வகுப்பு முடிந்ததும் அரை மணி நேரம் சேர்ந்து உட்காருகிறோம். தெப்ராவ் பக்கம் இருக்கும் தம்பி தங்கைகள் யாருக்காவது கணிதம் வராது என்று யாராவது சொல்லியிருந்தால், நீங்களும் வாங்க. இடம் இருக்கு.